மயிலாப்பூரில் ஆணி வைத்த எலுமிச்சம்பழம்

காலை ஆறே முக்காலுக்கு ரயில் எழும்பூரில் வந்து நின்றது. விருதுநகரிலிருந்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். இரவு முழுக்க நான் கண்ணை மூடவில்லை. முந்தின நாள் மதியம் நான் கணக்கு நடத்திக்கொண்டிருந்த வகுப்புக்கே ஆள் வந்து, பள்ளி அலுவலகத்தில் சென்னையிலிருந்து போன் என்றார். விடுதி வார்டன் பேசினார். "உங்க பொண்ணு நல்லா இருக்கா. ஆனா நீங்க உடனே புறப்பட்டு வாங்க." இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். பொருந்தவே இல்லை.

இது கோயில் குளம் பார்க்கப் போன பயணம் அல்ல. ஆனாலும் இந்தப் பத்திரிகை வாசகர்களில் பலருடைய பிள்ளைகள் சென்னையில் விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நிலையத்தின் வாசலில் ஆட்டோக்காரர் அடையாறுக்கு எண்பது ரூபாய் கேட்டார். "ஏரியால யாரை வேணா கேளும்மா, நாந்தான் கம்மி" என்றார். யாரையும் கேட்காமல் 23சி பஸ்ஸில் ஏறினேன். ஆயுத பூஜை முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பஸ்ஸின் முன்கண்ணாடியில் வாடிய வாழைக்கன்றும் சந்தனப் பொட்டும் அப்படியே இருந்தன. ஊரின் பெயர் சென்னை என்று மாறிவிட்டது. பஸ்ஸுக்குள் எல்லோருக்கும் அது இன்னும் மெட்ராஸ்தான்.

என் முன் இருக்கையில் இருவர் பத்திரிகையை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, மைலாப்பூர்ல பிள்ளையார் கோயிலாண்ட பூஜை போட்ட புது வண்டிங்க மூணு, வரிசையா பஞ்சர். எலுமிச்சம்பயத்துக்குள்ள ஆணி வெச்சுகிறாங்கோ."

"செய்வினைப்பா அது. ஆணி அடிச்ச பயம்னா வேற இன்னா?"

"செய்வினையாவது. பக்கத்துல பஞ்சர் கடை எவன் வெச்சுக்கினுகிறானோ அவன் வேலை."

பின்னாலிருந்து ஒரு பெரியவர் சேர்ந்துகொண்டார். "எதிர்க்கட்சிக்காரன் வேலைங்க. தேர்தல்ல தோத்ததுலேர்ந்து இப்படித்தான்."

"அந்த எலுமிச்சம்பயக்காரிய ஸ்டேசனுக்கு இட்டுனு போய்ட்டாங்கல்ல. அவ கூடையிலேர்ந்து வந்த பயந்தானே."

பத்திரிகை வைத்திருந்தவர் திரும்பி என்னையும் ஒரு சாட்சியாகப் பார்த்தார். "நல்ல நாளும் அதுவுமா, இன்னா அநியாயம் பாரும்மா."

நானும் விடவில்லை. "புது வண்டியை ஆசையா கோயிலுக்குக் கொண்டு வந்தவங்களுக்கு இப்படிப் பண்ணினா அந்தக் கை விளங்குமா?" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

எட்டரை மணிக்கு அடையாறு. விடுதியின் வரவேற்பு அறையில் வார்டன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அந்தக் கை என் மகளுடையது என்று சொன்னார்.

தேன்மொழிக்குப் பத்தொன்பது வயது. வேதியியல் இரண்டாம் ஆண்டு. அவளும் வகுப்புத் தோழர்கள் நான்கு பேரும் சேர்ந்து செய்த வேலை அது. ஆயுத பூஜையன்று புது வண்டிகளை அந்தக் கோயில் வாசலுக்குக் கொண்டு வருவார்கள். நான்கு சக்கரங்களுக்கும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை அதன்மேல் ஏற்றி நசுக்கிவிட்டு எடுத்துப் போவார்கள். திருஷ்டி கழிய. இந்த ஐந்து பேரும் கூடமாட உதவி செய்வதுபோல நின்று, அர்ச்சகரின் ஆள் வைத்துவிட்டுப் போன பழங்களை எடுத்துவிட்டு, தாங்கள் தயார் செய்து கொண்டுவந்த பழங்களை வைத்திருக்கிறார்கள்.

வார்டன் ஆளனுப்பிக் கூப்பிட்டதும் தேன்மொழி வந்தாள். "எதுக்குடி?" என்றேன். ரயிலிலிருந்து இறங்கிய பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"காரு விடுற புகையால பூமி சூடாகிட்டே போகுதும்மா. பனியெல்லாம் உருகும். கடல் ஏறும். இங்க பெசன்ட் நகர் வரைக்கும் தண்ணி வரும்னு எங்க லைப்ரரில ஒரு புத்தகத்துல இருக்கு. எத்தனை கூட்டம் போட்டோம், யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. கையில பட்டாத்தான் பாப்பாங்கன்னு..."

"பாத்தாங்களா?"

 ஒவ்வொரு காரின் வைப்பருக்கு அடியிலும் காரணம் எழுதிய நோட்டீஸ் வைத்திருந்தார்களாம். அந்த வாசலில் நிற்கிற எல்லாக் காருக்கும் டியூஷன் சென்டர் நோட்டீஸும் பைனான்ஸ் கம்பெனி நோட்டீஸும் வைப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கசக்கி, சந்தனக் கையைத் துடைத்து எறிந்துவிட்டார்கள்.

எனக்கு வந்த எரிச்சலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஐந்து பேரும் பிளஸ் டூவில் தொண்ணூறு சதவீதத்துக்குக் குறையாதவர்கள். கோயில் வாசலில் ஆணி வைத்த எலுமிச்சம்பழத்தைப் போட்டால் ஜனங்கள் பூமியின் வெப்பத்தைப் பற்றி யோசிப்பார்கள் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆணி ஏறிய எலுமிச்சம்பழத்துக்கு இந்த நாட்டில் ஒரே அர்த்தம்தான் என்று ஐந்து மூளைகளில் ஒன்றுக்குக்கூடத் தோன்றவில்லை.

வார்டன் என்னைத் தனியே அழைத்தார். மற்ற நால்வரும் பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். தேன்மொழி மட்டும் போகாமல், பழக்காரியைப் போலீஸ் கூட்டிப்போனதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத் தானாக வந்து ஒப்புக்கொண்டிருக்கிறாள். "பிரின்சிபால் ஒண்ணுதான் சொன்னார். போலீஸ் கேஸ்னு காலேஜ் பேர் வந்தா டி.சி. கொடுத்துடுவாங்க. இப்போ வரைக்கும் யாருக்கும் தெரியாது. பேசாம கூட்டிட்டுப் போயிடுங்க. ஒரு மாசம் கழிச்சு அனுப்புங்க."

உண்மையைச் சொல்வதானால் வார்டன் சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அன்று மாலை ரயிலுக்கே டிக்கெட் கிடைக்குமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது தேன்மொழி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அந்தப் பழக்காரக்கா, கன்னியம்மாக்காவ போலீஸ் ராத்திரியே விட்டுட்டாங்க. ஆனா கோயில் வாசல்ல உக்கார விடல. அவங்க கிட்ட பழம் வாங்கவே எல்லாரும் பயப்படுறாங்களாம். நான் போய் அந்தக் கார்க்காரர் கிட்ட சொல்லப் போறேன். அவர்தான் அவங்க மேல புகார் குடுத்தது."

"போனா உன் படிப்பு போயிடும்டி."

"தெரியும். நீ வரலைன்னா நான் மட்டும் போறேன்."

இவளைத் தனியே அனுப்பினால் இன்னும் எதைச் சொல்லித் தொலைப்பாளோ என்ற பயத்தில்தான் நானும் கிளம்பினேன்.

பத்தரை மணிக்குத் தியாகராய நகர். பஸ் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்கு நடந்தால் பத்து நிமிடம் என்பார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் அது ஒரு மணி நேரத்துப் பாடு. பனியன், பட்டுப்புடவை, பாத்திரம், ஒன்றரை அடிக்கு ஒரு குரல். நடைபாதையில் கைக்குட்டை மூன்று பத்து ரூபாய். என் பையை மார்போடு அணைத்துக்கொண்டே போனேன். காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த கடைப் பெயரைத் தேன்மொழி நினைவில் வைத்திருந்ததால் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. எவர்சில்வர் பாத்திரக்கடை. வாசலில் கோர முகம் வரைந்த பூசணிக்காய் புதிதாகத் தொங்கியது. அதன்கீழே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த சரம் ஒன்றல்ல, மூன்று.

முதலாளி வரதராஜன் ஐம்பதைத் தாண்டியவர். நாங்கள் பாத்திரம் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து இரண்டு கோலி சோடா வரவழைத்தார். தேன்மொழி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். கோயில், பழம், ஆணி, பூமி, கடல்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களை எதிர்க்கடைக்காரன் அனுப்பினானா?"

நான் சோடாவை மேஜையில் வைத்தேன்.

"ஜோசியர் தெளிவாச் சொல்லிட்டாரும்மா. தொழில்ல போட்டியா இருக்கிறவன் ஒரு பொம்பளைக்குக் காசு குடுத்துப் பண்ணியிருக்கான். மூணு நாளா என் வீட்டுக்காரி தூங்கல. வண்டிய கடைக்குப் பின்னாலேயே நிறுத்தி வெச்சிருக்கேன், வெளிய எடுக்கல. இப்போ வந்து காலேஜ் பொண்ணு பண்ணிச்சு, வெயிலுக்காகப் பண்ணிச்சுன்னா யார் நம்புவா?"

"நான்தான் அங்கிள் பண்ணினேன்."

"நீ படிக்கிற பொண்ணு. உன்னைப் பாத்தா அப்படித் தெரியல. யாரோ சொல்லச் சொல்லியிருக்காங்க."

என் மகளைக் காட்டிக்கொடுக்க வேண்டுமே என்று தயங்கித் தயங்கி வந்தவள் நான். இப்போது அவள்தான் செய்தாள் என்று வாதாட வேண்டிய நிலைமை. "இல்லைங்க, இவதான் பண்ணியிருப்பா. சின்னதுலேர்ந்தே இப்படித்தான்" என்று என் வாயாலேயே சொன்னேன்.

தேன்மொழி எழுந்துபோய் வாசல் சரத்திலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து எடுத்தாள். கடைப் பையன்கள் பதறி விலகினார்கள். பென்சில் டப்பாவைத் திறந்தாள். அதில் ஒரு பிளேடும், தகரக் கூரைக்கு அடிக்கிற அகலத் தலை ஆணி ஒன்றும் இருந்தன. அந்த டப்பாவை விருதுநகர் பஜாரில் வாங்கிக் கொடுத்தது நான். பழத்தின் அடியில் சின்னக் கீறல் போட்டாள். ஆணியைக் கூர்முனை மேலே பார்க்க உள்ளே செருகினாள். மேஜைமேல் வைத்தாள். பழம் ஆடாமல் அசையாமல், மிக அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

வரதராஜன் அதையே வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ இதுல மந்திரம் மாயம் எதுவும் இல்ல?"

"இல்ல அங்கிள்."

"யாரும் எனக்கு எதுவும் வெக்கல?"

"ஆணி மட்டும்தான்."

கோபப்படுவதா நிம்மதி அடைவதா என்று அவருக்கே தெரியவில்லை. முதலில் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "ஒண்ணும் இல்லையாம். நீ சாப்பிட்டுத் தூங்கு." போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. "வெயில் ஜாஸ்தியானா மரம் நடு. பிரதம மந்திரிக்கு எழுது. என் டயர் உனக்கு என்னம்மா பண்ணுச்சு? வேகமா போறப்போ வெடிச்சிருந்தா? உன் அம்மாவை வெச்சுக்கிட்டுச் சொல்றேன், நாலு அறை விடணும்போல இருக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "அந்தப் பழக்காரக்கா பண்ணலைன்னு நீங்க வந்து சொல்லணும் அங்கிள். நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள்.

அவர் சட்டைப்பையில் கார்ச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். "என் வாயாலதானே அவளைப் போலீஸ்ல சொன்னேன். வாங்க, வண்டியிலேயே போயிடலாம்."

"நான் பஸ்ல வரேன்" என்றாள் என் மகள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏறுடி" என்றேன். அவள் ஏறவில்லை. தான் ஓட்டை போட்ட காரில் ஏறக் கூச்சமா, கார் என்றாலே ஆகாதா, எனக்குத் தெரியவில்லை. மயிலாப்பூர் பஸ் பிடிக்க அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டாள்.

நானும் வரதராஜனும் வெள்ளை மாருதியில் போனோம். சுமார் ஐந்து கிலோமீட்டர். ஏ.சி. போட்டார். இரண்டு நாள் கசகசப்புக்குப் பிறகு அது எனக்கு மிகவும் சுகமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"பொண்ணு பிடிவாதமோ?"

"ரொம்ப."

"எனக்கு ரெண்டு பசங்க. சாப்பாட்டைத் தவிர எதுக்கும் பிடிவாதம் பிடிக்க மாட்டானுங்க." சற்று தூரம் போனதும், "எது தேவலைன்னு தெரியல" என்றார்.

பன்னிரண்டேகாலுக்கு மயிலாப்பூர். குளத்தைச் சுற்றி வெயில் கொதித்தது. பறக்கும் ரயிலுக்குக் கட்டிக்கொண்டிருந்த பாலத்துத் தூசி எல்லாக் கடைகளின்மேலும் படிந்திருந்தது. கோயில் வாசலில் கன்னியம்மாவின் இடத்தில் வேறொருத்தி பழம் விற்றுக்கொண்டிருந்தாள். விசாரித்ததில், கன்னியம்மா பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் முருங்கைக்கீரை வைத்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். போனோம். நாற்பது வயது இருக்கும். வரதராஜனைப் பார்த்ததும் கூடையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னா நைனா, மறுபடியும் ஸ்டேசனா? இந்தத் தபா கீரையில இன்னா கீது, பாம்பா?"

"இல்லம்மா, ஒரு பொண்ணு வருது, அது வந்து சொல்லும்" என்றார் அவர். தேன்மொழி வரட்டும் என்று நின்றோம். முக்கால் மணி நேரம் வரவில்லை. வெயிலில் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அந்தப் பயணத்திலேயே நீண்ட பகுதி. கடைசியில் நிரம்பி வழிந்த ஒரு பஸ்ஸிலிருந்து, துப்பட்டா கிழிந்து, வியர்த்து இறங்கினாள்.

"அக்கா, அந்த ஆணிய வெச்சது நான்தான்."

கன்னியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? நீ என்னாண்ட ஒரு டஜன் பயம் வாங்கிக்கினு போன பொண்ணுல்ல? படிக்கிற பொண்ணாச்சேன்னு கொசுறு ரெண்டு போட்டேனே."

"மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிப்ப இன்னா பண்றது, கூடையில வெச்சு விக்கறதா? எதுக்குப் பண்ணே?"

தேன்மொழி சொன்னாள். மூன்றாவது தடவையாக அன்று அதைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கடல் கொஞ்சம் தாழ்ந்துகொண்டே வந்தது. அதற்குள் சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"படிக்க அனுப்பினா இதான் கத்துக்குதுங்க" என்றார் ஒருவர்.

"வெளிநாட்டுக்காரன் பணம் குடுக்கறான் சார், நம்ம ஊர்ல யாரும் கார் வாங்கக்கூடாதுன்னு."

காய்கறிப் பையோடு நின்ற ஒரு மாமி, "ஏண்டிம்மா, ஆத்துல சொல்லிட்டுத்தான் இதெல்லாம் பண்றேளா?" என்று தேன்மொழியைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் நெற்றியில் எழுதியிருந்தது போலும். "அம்மாவா? பாவம்" என்றார்.

கன்னியம்மா எழுந்தாள். "நீங்க இங்க சொல்லிக்கினு இருந்தா எனக்கு இன்னா ஆவும்? கோயில் வாசலாண்ட வாங்க. என் பயத்துமேல இவரு வண்டி ஏறணும். எல்லாரும் பாக்கணும்."

கீரைக்கு அடியிலிருந்து பழைய பழங்களை எடுத்தாள். "மூணு நாளுப் பயம், வாடிக்கீது. ஆனா சுத்தம்." நான்கை எண்ணித் தேன்மொழி கையில் கொடுத்தாள். "நீயே வெய்யி. நீதான் வெச்சே."

வரதராஜன் காரைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆணி ஏறிய மூன்று டயர்களை மாற்றியிருந்தார். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அம்மா, உங்க பொண்ணை நம்பலாமில்ல?"

பத்தொன்பது வருடம் வளர்த்த பெண். என் வாய் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. அவளும் அதைக் கவனித்தாள். "ஏத்துங்க" என்றேன், ஒருவழியாக.

தேன்மொழி மண்டியிட்டு ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒரு பழம் வைத்தாள். கூட்டம் பின்னால் நகர்ந்தது. குழந்தை வைத்திருந்தவர்கள் இன்னும் நாலடி பின்னால் போனார்கள். கார் மெல்ல உருண்டது. சத், சத் என்று இரண்டு சத்தம். பிறகு பின்சக்கரங்கள், இன்னும் இரண்டு. எலுமிச்சை வாசனை எழுந்தது. வரதராஜன் இறங்கி, காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார். காற்று அப்படியே இருந்தது.

கன்னியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய், தன் பழைய இடத்தில் இருந்தவளிடம், "தள்ளு" என்றாள். அவள் முணுமுணுத்துக்கொண்டே தள்ளினாள். மாமிதான் முதலில் குனிந்து இரண்டு பழம் வாங்கினார். வாங்கிய கையோடு இரண்டையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

வரதராஜன் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எங்களை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டார். "சின்னப் பசங்க விளையாட்டுன்னு சொன்னேன். பேர் தெரியாதுன்னுட்டேன்" என்றார். டயருக்கான செலவை நான் ஊருக்குப் போய் அனுப்புவதாகச் சொன்னேன். மறுக்கவில்லை. கல்லூரிக்குப் போய் நடந்ததைச் சொன்னோம்; முதல்வர் டி.சி. கொடுக்காமல், ஒரு மாதத்துக்கு இடைநீக்கம் என்று எழுதிக் கொடுத்தார்.

மாலை ரயிலில் இடம் கிடைத்தது. செங்கல்பட்டு தாண்டியது. அதன்பிறகு அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் ஆணியப் பத்தியே பேசினாங்க. ஒருத்தர்கூடக் காரைப் பத்திப் பேசலம்மா" என்றாள்.

"நீ ஆணியத்தானே காட்டின?" என்றேன்.  அந்தப் பெட்டியில் மின்விசிறி ஓடவில்லை. ஐப்பசி பிறந்தும் காற்றில் ஒரு சொட்டு ஈரமில்லை. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்து, அவள் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்துவிடுவாளோ என்று விட்டுவிட்டேன்.

விருதுநகரில் எங்கள் தெருவுக்குச் செய்தி எங்களுக்கு முன்பே வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "டீச்சர், மெட்ராஸ்ல கோயில் வாசல்லயே செய்வினை வச்சிட்டாங்களாமே?" செய்வினை இல்லை, யாரோ மாணவர்கள் செய்தது என்றேன், பெயரை விழுங்கிக்கொண்டு. அவர் என்மேல் இரக்கப்பட்டார். "நீங்க படிச்சவங்க, அப்படித்தான் சொல்லுவீங்க."

அன்று வெள்ளிக்கிழமை. அவர் புது மொபெட் வாங்கியிருந்தார். பூஜை போட்டு முடித்து, இரண்டு எலுமிச்சம்பழங்களைத் தேன்மொழியிடம் நீட்டினார். "தாயி, கன்னிப்பொண்ணு கையால வச்சா நல்லது. வீலுக்கு முன்னால வையி."

அவள் வாங்குவதற்குள் நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். இரண்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து வைத்தாள்.

மொபெட் பழங்களின்மேல் ஏறி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது. எல்லோரும் கைதட்டினோம். அதன் நீலப் புகை எங்கள் வாசலிலேயே நின்றது. காற்று இல்லாததால் கலைய வெகுநேரம் ஆயிற்று.